அடைக்கோழி இருந்த கொட்டாய்

என் வாயில் எதுவும் தங்காது என்பது சிறுவயதிலேயே ஊரறிந்த செய்தி. காலையில் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பதைப் பொழுது ஏறுவதற்குள் கிணற்றடிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். பெரியம்மா அடித்துப் பார்த்தாள், வாயில் சூடு வைப்பேன் என்று கரண்டியைக் காய்ச்சிக் காட்டியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் என் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது, சொல்லாததே நல்லது என்று சில நாள் தோன்றுகிறது. எப்படியும் இப்போது கேட்க அம்மா இல்லை.

அது இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. அங்கிருந்து பாலக்கோடு போகிற வண்டிப்பாதையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அந்த அடுப்பு பெரியம்மாவுடையது. உப்புச் சட்டியை அவளைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் வாய்த்தது திருகைக்கல். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கைப்பிடியில் ஆளுக்கொரு கை வைத்து, அத்தனை பேர் தின்கிற களிக்கும் கேழ்வரகு அரைப்பார்கள். கல் சுற்றுகிற சத்தம் இருக்கும்வரை அவர்கள் பேசுவது பெரியம்மாவுக்குக் கேட்காது. அதனால் கேழ்வரகு தீர்ந்த பிறகும் சிறிது நேரம் வெறுங்கல்லைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலையில் இருந்தார். தைக்கு ஒரு முறை, ஆடிக்கு ஒரு முறை வருவார். வீட்டில் பணமாகச் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், யார் சொல்லும் ஏறாத பெரியப்பாவின் காதில் அப்பாவின் சொல் மட்டும் ஏறும். அப்பா இல்லாத மாதங்களில் அம்மாவுக்கு வீட்டில் இருந்த ஒரே துணை சின்னம்மா. அம்மா குட்டை. நான் கையைத் தூக்கி நின்றால் என் விரல்நுனியும் அம்மாவின் உச்சந்தலையும் ஒரே உயரம். சின்னம்மா எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, அம்மா அடிக்க வரும்வரை சிரிப்பாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் ஊரில் எலி விழுந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. எலி தானாகச் செத்து விட்டத்திலிருந்து விழுந்தால் பிளேக் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு, ஆடு மாடு கோழி சட்டிபானை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே கொட்டாய் போட்டுக் குடியிருப்பார்கள். எங்கள் ஊர் ஓடைக்கு அந்தப்புறம் இருந்த மேட்டுக்காட்டுக்குப் போயிற்று. பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். நான் கோழிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏதோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி முன்னால் ஓடினேன்.

மேட்டில் மூங்கிலும் சோளத்தட்டும் கரும்புச் சோகையுமாக ஒரு ஊரே முளைத்தது. ஊசி போட வந்த சுகாதார இன்ஸ்பெக்டர், ஒரு கொட்டாயில் ஒரு குடும்பம்தான் இருக்க வேண்டும், கும்பலாகப் படுத்தால் நோய் தாவும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியப்பா சர்க்கார் தொப்பிக்குப் பயந்தவர். வேறு வழியில்லாமல் சித்தப்பாவுக்குத் தனிக் கொட்டாய் போட்டுக் கொடுத்தார். அப்பா ஊரில் இல்லாததால் அம்மாவுக்குத் தனிக் கொட்டாய் கிடைக்கவில்லை. அவள் பெரியம்மாவின் கொட்டாயிலேயே ஒரு மூலையில் முடங்கினாள். திருகைக்கல்லையும் வண்டியில் ஏற்றி வந்து அந்தக் கொட்டாய் வாசலில்தான் இறக்கினார்கள்.

ஆக, கல்யாணமாகி வந்து வருஷங்கள் கழித்து, கொள்ளைநோயின் தயவில், சின்னம்மாவுக்கு ஒரு அடுப்பு கிடைத்தது. ஓடையிலிருந்து அவளே மூன்று கல் பொறுக்கி வந்து கூட்டினாள். முதல் நாள் கீரை கடைந்து, உப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு போட்டாள். கொஞ்சம் அதிகம்தான். சித்தப்பா வாயில்லாப் பூச்சி, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நான் சும்மா இருப்பேனா, “கரிக்குது சின்னம்மா” என்றேன். “கரிச்சா கரிக்கட்டும் கண்ணு, என் உப்புதானே” என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தாள். அதன்பிறகு என் சாப்பாடு அந்தக் கொட்டாயில்தான், தூங்க மட்டும் அம்மாவிடம் போவேன்.

கார்த்திகையில் நோய் ஓய்ந்துவிட்டது என்றார்கள். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். திரும்புவதற்கும் ஒரு முறை உண்டு. கொட்டாயைப் பிரித்து, சோகையும் தட்டும் சாம்பலாகும்படி கொளுத்தி, ஓடையில் தலைமுழுகிவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைக்கலாம். கொட்டாய்க் கூரையடியில் படுத்து எழுந்தவர் அதைக் கொளுத்தாமல் ஊருக்குள் வந்தால் நோய் கூடவே வந்துவிடும் என்பது நம்பிக்கை. பெரியப்பா அரிவாளும் கையுமாகக் கொட்டாய் கொட்டாயாகப் பிரித்துக்கொண்டு வந்தவர், சித்தப்பாவின் கொட்டாய் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே மூலையில் சின்னம்மாவின் கறுப்புக் கோழி அடையில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீட்டார் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வழக்கங்களில் அதுவும் ஒன்று. கோழி அடையிருக்கிற கூரையைத் தொட மாட்டார்கள். தொட்டால் வம்சம் தழைக்காது. சர்க்காருக்கு அடுத்தபடியாகப் பெரியப்பா பயந்தது இதற்குத்தான். “அடக்கோழி கெடக்கற கூரையில கை வெக்கக் கூடாது. குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். சின்னம்மா தட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். கணவனின் மூத்த அண்ணன் எதிரில் வந்து பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் சொல்ல வேண்டியதைக் கோழி சொல்லிவிட்டது.

ஊர் முழுக்கத் திரும்பியது. மேட்டில் ஒரே ஒரு கொட்டாய் மிச்சம் நின்றது. சின்னம்மா ஊருக்குள் வர முடியாது, அம்மாவுக்கு ஊரைவிட்டுப் போக நேரம் கிடையாது. அங்கே படுக்காமல் பகலில் போய்ப் பகலில் திரும்புகிற சிறுசுகளுக்கு மட்டும் தடையில்லை. பெரியம்மா அளந்து கொடுத்த கேழ்வரகு மாவைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. தனி அடுப்பில் வேகிற களிக்கும் மாவு இந்தத் திருகையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. அதை இப்போது அரைக்கிறவள் அம்மா ஒருத்திதான்.

அந்த நடை எனக்கு மிகவும் பிடிக்கும். ஊர்க்களத்தைத் தாண்டினால் கரும்புக் கொல்லை. ஆலை ஆடுகிற நாளில் பாகு காய்கிற வாசனை ஓடைவரை கூடவே வரும். ஓடையில் கணுக்கால் தண்ணீர். நடுவில் ஒரு வழுக்குப் பாறை, அதில் உட்கார்ந்து வழுக்காமல் நான் ஒரு நாளும் அக்கரை போனதில்லை. கரை ஏறினால் மேடு. தூரத்தில் வத்தல்மலை நீலமாகத் தெரியும். மூன்று மாதம் ஊர் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகச் சாம்பல் வட்டங்கள், நட்ட கழிகளின் குழிகள், உடைந்த சட்டிகள். எங்கள் கொட்டாய் இருந்த வட்டம் எது, தட்டாருடைய வட்டம் எது என்று எனக்கு அத்துப்படி. நடுவில் சின்னம்மாவின் கொட்டாயிலிருந்து மட்டும் புகை எழும்.

போனதும் சூடாகக் களியும் கீரையும் கிடைக்கும். சித்தப்பா கேழ்வரகுக் கதிருக்குக் காவல் என்று பரண்மேல் இருப்பார். ஊரில் இருந்தவரை வாயைத் திறக்காத மனிதர் அங்கே பரண்மேலிருந்து பாட்டுப் பாடினார். சுருதி சேராத பாட்டு. சின்னம்மா கீழேயிருந்து அதைக் கிண்டல் செய்வாள், அவர் வேண்டுமென்றே இன்னும் உரக்கப் பாடுவார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடொருவர் சத்தமாகப் பேசிக்கொள்ளலாம் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

கிளம்பும்போதெல்லாம் அவள் இரண்டு கேள்வி கேட்பாள். “உங்கப்பா எப்ப வராரு கண்ணு?” என்பது ஒன்று. “தைக்கு” என்பேன். “அம்மாவ ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போவச் சொன்னியா?” என்பது இன்னொன்று. சொன்னேன் என்பேன். சொல்லவும் செய்தேன். அம்மா, “எனக்கு ஏது நேரம், போ” என்று கல்லைச் சுற்றினாள். அதற்குமேல் என்னிடம் எதையும் சொல்லியனுப்பச் சின்னம்மாவுக்குத் துணிவில்லை. என்னிடம் சொன்னால் பெரியம்மாவிடம் சொன்ன மாதிரி என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

ஒரு நாள் நான் போனபோது அவள் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதில் முட்டைகளைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முந்தானையில் துடைத்து, அந்தக் கறுப்புக் கோழிக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைத்தாள். “எதுக்குச் சின்னம்மா சுடுதண்ணி?” என்று கேட்டேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “கோழிப்பேன் இருக்குது கண்ணு. சுடுதண்ணியில போட்டாப் போயிரும்” என்றாள். எனக்குத் தலையில் பேன் உண்டு என்பதால் நான் அதை உடனே நம்பினேன். எங்கே எனக்கும் இதே வைத்தியத்தைச் செய்துவிடுவாளோ என்றுதான் பயந்தேன்.

இன்னொரு நாள் கொட்டாயின் பின்பக்கம் ஒரு சார்ப்பு இறக்கியிருந்தாள். மூன்று பக்கமும் தட்டி கட்டி, மண் பூசி, தரைக்குச் சாணம் மெழுகி, சுவரில் விளக்கு வைக்கிற அளவுக்கு ஒரு மாடமும் குடைந்திருந்தாள். “இது யாருக்கு?” என்றேன். “கோழிக்கு” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நீ இப்பிடிப் படு பாக்கலாம்” என்றாள். படுத்தேன். என் காலடியில் கரித்துண்டால் ஒரு கோடு, தலைமாட்டில் ஒரு கோடு. “கைய மேல நீட்டு.” நீட்டினேன். விரல்நுனிக்கு மேல் இன்னொரு கோடு போட்டாள். எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். எழுந்து பார்த்துவிட்டு, “தாராளமாப் போதும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொடுத்துவைத்த கோழி என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

மாதம் மார்கழி ஆகியும் கோழி எழுந்திருக்கவில்லை. சின்னம்மா அதைத் தூக்கி வெளியே விட்டு, தவிடும் தண்ணீரும் காட்டி, மறுபடி உட்காரவைப்பாள். அது எலும்பும் தோலுமாக இளைத்துவிட்டது. அதன் முதுகைத் தடவி, “இன்னும் கொஞ்ச நாளு. தை பொறக்கட்டும்” என்பாள். கோழிக்கும் தைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அதில் ஒரு குஞ்சு தருவதாகச் சொல்லியிருந்தாள். அதனால் அந்தத் தாமதம் எனக்கும் பெரிய கவலையாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் நேராக அம்மாவிடம்தான் போவேன். அவள் ஒண்டியாகக் கல்லைச் சுற்றிக்கொண்டிருப்பாள். இருவர் சுற்றிய கல் அது. வலது தோள் வீங்கி, ராத்திரியில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு முனகுவாள். மாவு கரகரவென்று இருக்கிறது என்று பெரியம்மா தினமும் ஒரு பாட்டம் திட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னம்மா என்ன சமைத்தாள், சித்தப்பா என்ன பாட்டுப் பாடினார், இரண்டு பேரும் எப்படிச் சிரித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். அம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். “நல்லாத்தான் இருக்கறாங்க” என்பாள்.

பேன் வைத்தியத்தையும் அப்படித்தான் சொன்னேன். கல் நின்றது.

“சுடுதண்ணியிலயா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா. புகை வர்ற தண்ணி.”

அம்மா கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். கேழ்வரகு போட மறந்து, வெகுநேரம் வெறுங்கல்லையே சுற்றினாள்.

அடுத்த முறை நான் தூக்குச்சட்டியோடு கிளம்பும்போது அம்மா என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அங்கே எங்கள் வீட்டுச் செவலைக் கோழி அடையில் இருந்தது. அதற்கடியிலிருந்து முட்டைகளை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டு, சிலதைத் திரும்ப வைத்து, சிலதை ஒரு பழந்துணியில் சுற்றி என் மடியில் கட்டினாள். “சின்னம்மாவோட முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிருச்சு போலக்குது. பாவம் அந்தக் கோழி. அவ தண்ணிக்குப் போறப்ப இத அடியில வெச்சிட்டு, பழசையெல்லாம் எடுத்து ஓடையில போட்டுடு. சொல்லிராத. தானாப் பாத்துச் சந்தோசப்படட்டும்” என்றாள். சொல்லாதே என்று என்னை நம்பி ஒருவர் ஒரு காரியத்தை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்று நான் ஓடவில்லை. வழுக்குப் பாறையில் உட்காரவும் இல்லை. மடியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்தேன். கரும்புக் கொல்லையில் நின்று ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ தட்டுகிற சத்தம். கதவைத் திற என்கிற மாதிரி விட்டுவிட்டுத் தட்டினார்கள். “இருங்க, இருங்க, வந்துட்டம்” என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே மேடு ஏறினேன்.

சின்னம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். கோழி என் கையைக் கொத்தக் கொத்த முட்டைகளை மாற்றினேன். பழைய முட்டைகளைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு, அவள் இருந்த துறைக்கு எட்ட, கீழ்ப்பக்கமாகப் போய் ஓடையில் எறிந்தேன். ஒன்று பாறையில் பட்டு உடைந்தது. உள்ளே வெள்ளைக்கரு கெட்டியாக, மஞ்சள்கரு உருண்டையாக, நாற்றத்தோடு கிடந்தது. வெந்த முட்டை! குஞ்சு ஏன் பொரிக்கவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்ததில் கோழிச் சூட்டில் முட்டை வெந்துபோயிருக்கிறது. அந்தக் கோழிக்கு உடம்புச் சூடு அதிகம், விளக்கெண்ணெய் வைக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் சின்னம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். மூலையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். மறுபடியும் கீச்சென்றது. எழுந்துபோய்க் கோழியை ஒரு கையால் தூக்கினாள். அடியில் ஈரம் காயாத ஒரு குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டியது. இன்னொரு முட்டையில் விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“யாரு குடுத்தா?”

எவ்வளவு நேரம்தான் அடக்குவது. “அம்மா!” என்று கத்தினேன்.

சின்னம்மா அப்படியே மெழுகின தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெல்ல, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அம்மா சொன்னது போலவே சந்தோஷப்படுகிறாள் என்று எனக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். கோழி சிறகை விரித்து குஞ்சையும் முட்டைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு எங்களை முறைத்தது. சின்னம்மா அதன் தலையைத் தொட்டு, “உனக்காச்சும் கெடச்சுதே, போ” என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “ஓடிப்போயி உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு கண்ணு. கோழி பொரிச்சிருச்சுன்னு.” நான் பறந்தேன். என் ஆயுளில் அத்தனை வேகமாக நான் ஓடியதில்லை. ஓடை, கரும்புக் கொல்லை, களம் என்று எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கோழி பொரிச்சிருச்சு, கோழி பொரிச்சிருச்சு என்று சொல்லிக்கொண்டே போனேன். நல்ல செய்தி கொண்டு போகிறவளுக்கு எல்லோரும் வழிவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பெரியப்பா அரிவாளோடு வந்தார். சித்தப்பா தான் கட்டிய கட்டுகளைத் தானே அறுத்தார். பின்பக்கம் போன பெரியப்பா, மாடத்தோடு இருந்த சார்ப்பைப் பார்த்துவிட்டு, “இது எதுக்குடா?” என்றார். “கோழிக்குங்ணா” என்றார் சித்தப்பா, முகத்தை நிமிர்த்தாமல். “கோழிக்கு மாளிகை கட்டுன மொதல் ஆளு நீதாண்டா” என்று பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். சோகை சடசடவென்று பற்றிக்கொண்டது. அடுப்புக் கல் மூன்றையும் சின்னம்மா எடுத்துக்கொண்டு போய், பொறுக்கிய இடத்திலேயே ஓடையில் போட்டுவிட்டுத் தலைமுழுகினாள். கோழியும் குஞ்சுகளும் இருந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா திருகையில் உட்கார்ந்திருந்தாள். சின்னம்மா ஈரத்தலையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கைப்பிடியில் தன் கையை வைத்துக்கொண்டு, “தோளு எப்பிடி வீங்கிக் கெடக்குது. நவுருங்கக்கா, நான் சுத்தறன்” என்றாள். அம்மா அழுதாள். நான் எனக்குக் கிடைத்த குஞ்சை இருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். இருவரும் பார்க்கவில்லை என்று எனக்குக் கோபம். பழையபடி இருவரும் சேர்ந்து அரைத்தார்கள். ஆனால் கல் சுற்றுகிற சத்தத்துக்கு அடியில் அவர்கள் பேசிக்கொள்வது அன்றோடு நின்றுபோயிற்று. கேழ்வரகு தீர்ந்ததும் எழுந்துவிடுவார்கள்.

தையில் அப்பா வந்தார். பிஸ்கட் டின் கொண்டுவந்தார். பொங்கல் முடிந்து திரும்பிப் போனார். அவரிடம் கேட்க யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

பெரியப்பா காலமான பிறகு குடும்பம் தானாகவே பிரிந்தது. இப்போது அந்த மேடு முழுக்கக் கொட்டாய்தான். மகனுக்குக் கல்யாணம் முடிந்த மறுமாதமே காட்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். காங்கிரீட் கட்டடமானாலும் பெயர் கொட்டாய்தான், பஸ் நிறுத்தத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அடுப்புப் பிரிக்க யாருக்கும் கோழி தேவைப்படுவதில்லை. சின்னம்மா இதையெல்லாம் பார்க்கவில்லை. குடும்பம் பிரிவதற்கு முன்பே, பெரியம்மா அளந்து போட்ட உப்பைத் தின்றபடியே, ஒரு காய்ச்சலில் போய்விட்டாள்.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தாள். ஒரு மத்தியானம், யாரும் எதுவும் கேட்காமலே, அவளாகச் சொன்னாள். “அவ வேணும்னுதான் முட்டைய வேக வெச்சான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்கிட்ட நல்ல முட்டையக் குடுத்து வுட்டன். என்னைய இந்தக் கல்லுகிட்ட ஒண்டியா வுட்டுட்டு, அவ மட்டும் சொகமா இருக்கறாளேன்னு எனக்குப் பொறுக்கல. என்னைய ஒரு தரமாச்சும் நெனச்சிருப்பாளா?”

எனக்கு அப்போதுதான் அந்தக் கரிக்கோடுகள் நினைவுக்கு வந்தன. காலடியில் ஒன்று, என் தலைமாட்டில் ஒன்று, நீட்டிய கைக்கு மேல் ஒன்று. ஒரு கோடு என் உயரம், இன்னொன்று அம்மாவின் உயரம். விளக்குக்கு ஒரு மாடம். தைக்கு அப்பா வந்ததும், எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தனி அடுப்பு கேட்பதற்காகத்தான் அவள் அந்தக் கோழியை உட்காரவைத்திருந்தாள். நான் பார்த்ததையெல்லாம் அள்ளிக்கொண்டுவந்து அம்மாவிடம் கொட்டியவள். கீரையில் உப்புக் கரித்ததைச் சொன்னேன், சித்தப்பாவுக்குச் சுருதி சேராததைச் சொன்னேன், பேனைச் சொன்னேன். அந்தச் சார்ப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கோழிக்குக் கட்டுகிற இடத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நெனச்சிருப்பாங்கம்மா” என்று மட்டும் சொன்னேன். கோடுகளைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வயதில் அதைக் கேட்டுவிட்டு அவள் எப்படித் தூங்குவாள்.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் எதற்கு, எதற்கு என்று கேட்டு எல்லோர் உயிரையும் வாங்கியவள் நான். ஒரு கோழி படுப்பதற்கு என் கையை எதற்கு மேலே நீட்டச் சொல்கிறாய் என்று மட்டும் அன்று கேட்கத் தோன்றவில்லை.